கடைசி இருநூறு மீட்டர்

கண்ணைக் கட்டி ஒரு காருக்குள் உட்கார வைத்தால் போதும். அந்தக் காரைப் பழக்கியவர் ஷூ போட்டு ஓட்டினாரா செருப்பு போட்டு ஓட்டினாரா, வீட்டில் எதிர்த்துப் பேசுகிறவரா வாங்கிக் கட்டிக்கொள்கிறவரா, மத்தியானம் சாப்பிட்டது பிரியாணியா தயிர்ச்சோறா என்பதுவரை கோகுல் சொல்லிவிடுவார். பிரியாணி மட்டும் கொஞ்சம் மிகை. மற்றதெல்லாம் சுத்தமான உண்மை. போக்குவரத்து அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் கைத்தட ஆய்வாளராக இருந்து, அறுபதில் ஓய்வு பெற்று, இரண்டு வருஷமாகச் சொந்த ஊரான கோபியில் அம்மாவோடு இருக்கிறவர் அவர்.

கைத்தடம் என்பது பெரிய மந்திரமில்லை. இரண்டாயிரத்து நாற்பதில் ஒரு சட்டம் வந்தது. புதுசோ பழசோ, ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டி இருக்க வேண்டும். சொந்தக்காரர் ஒரு வருஷம் ஓட்ட ஓட்ட, பெட்டி அவர் கையைப் படித்துக்கொள்ளும். அப்புறம் பொத்தானை அமுக்கினால் வண்டி தானாகவே, அச்சு அசலாக அவரைப் போலவே ஓடும். ஆய்வாளர் உட்கார்ந்து பார்த்து, ‘இது இன்னார் கை’ என்று எழுதி சீல் வைப்பார். அதன்பின் வேறு யாராவது ஸ்டியரிங்கைத் தொட்டால் பெட்டி ஊரைக் கூட்டிவிடும். சொந்தக்காரர் செத்தாலும் கை சாகாது. ஈரோட்டில் ஒரு மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகியும், மருமகள் ஏறினால் மட்டும் அவருடைய கார் குலுங்குகிறது என்று வழக்கே நடந்தது. விசாரித்தது கோகுல்தான். குலுங்கியது நிஜம்.

இப்படி நாடு முழுக்கச் செத்தவர்கள் கார் ஓட்டிக்கொண்டிருந்ததில் யாருக்கோ பயம் வந்திருக்க வேண்டும். எழுபத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம் செய்தித்தாளில் நாலு வரி வந்தது. ஜூலை ஒன்று முதல் எல்லா வண்டிக்கும் ஒரே கை. பொதுக்கை என்று பெயர். பழைய கைத்தடங்கள் அனைத்தும் முப்பதாம் தேதியோடு அழிக்கப்படும். எழுபத்தைந்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் கை யாருடையது என்று நிரூபிக்க வேண்டும்.

அதைப் படித்த கோகுல், டம்ளரில் இருந்த காபி ஆறி, ஆடை கட்டி, அந்த ஆடைமேல் ஈ ஒன்று உலா போய்த் திரும்பி வருகிற வரைக்கும் அசையவில்லை. அப்பாவின் ஹெரால்டு கார் நினைவுக்கு வந்துவிட்டது.

அறுபத்தாறாம் வருஷத்து ஹெரால்டு. அதுவும் போன நூற்றாண்டின் அறுபத்தாறு. மோர் நிறம், இரண்டே கதவு, முன்பக்கம் முழுசும் முதலை வாய் மாதிரித் திறக்கும். கோகுலின் அப்பா தெய்வசிகாமணி அதை நாற்பது வருஷம் ஓட்டினார். ஒரு கீறல் கிடையாது. பழைய கார் பிரியர் சங்கம் மேடை போட்டு, ‘கீறல் காணாத தெய்வசிகாமணி’ என்று கேடயம் கொடுத்தது. அவர் தெருவுக்குள் நுழையும்போது மூன்று ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தத்துக்குக் கறவை மாடுகள் பால் சுரந்தன என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கோகுல் காரை ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டார். “இங்க யாரு இருக்காங்க இதை ஓட்ட?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தனபாக்கியம் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.  ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை, “ஏன் கண்ணு, நானெல்லாம் கார் கத்துக்க முடியாதா?” என்று அவர் கேட்டதுண்டு. “கியரைக் கரண்டின்னு நெனச்சுக் கலக்கிருவீங்கம்மா” என்றார் கோகுல். அந்த ஜோக்கை அவர் அலுவலகத்தில் குறைந்தது ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஆயிரம் தடவையும் சிரித்தார்கள். அவர் அதிகாரி.

இப்போது அப்பாவின் கை அழியப்போகிறது. காரைக் கண்டுபிடித்து, விலக்கு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, சாகும்வரை தினம் ஒரு முறை அப்பா ஓட்ட உட்கார்ந்து போய்வர வேண்டும். கோகுலுக்கு வேறு ஆசை இல்லை.

பதினோரு நாள் தேடினார். புரோக்கர் நாமக்கல் கல்யாண மண்டபத்துக்கு விற்றிருந்தார். அவர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வைத்திருந்து, மாப்பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிடுகிறார்கள் என்று சேலத்துச் சினிமாக்காரருக்குக் கைமாற்றினார்கள். அவர் துரத்தல் காட்சிக்குப் பயன்படுத்திப் பார்த்து, கார் எந்த வில்லனையும் முந்த மறுத்ததால் வெறுத்துப்போய் யாருக்கோ தானம் செய்துவிட்டார். அந்த யாரோ, சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையில் இருந்த ஒரு பிரசவ மையம்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் கோகுல் அங்கே போய் இறங்கினார். வேப்ப மரத்தடியில் மோர் நிறத்தில் நின்றது. ஒரு கீறல் இல்லை. அவர் கையிலிருந்த விண்ணப்பப் படிவத்தில் ‘வண்டியில் உள்ள கீறல்கள்’ என்ற இடத்தில், பூட்ஸ் போட்ட போலீஸ் மாதிரி நிமிர்ந்த எழுத்தில் ‘இல்லை’ என்று அங்கேயே எழுதினார்.

மையத்தின் பொறுப்பாளர் மிழலை என்ற செவிலியர். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கோகுல் தன் பெயரைச் சொன்னார்.

“நீங்கதானா சார் அந்தக் கோகுல்? சீல் மேல உங்க கையெழுத்து இருக்குது. ஒரு வாரமா உங்களத்தான் தேடறேன். விலக்குக்கு, கை யாருதோ அவங்க குடும்பத்துல ரெண்டு கையெழுத்து வேணுமாம்.”

“போடறேன். காரை எனக்குக் கொடுத்தரணும்.”

மிழலை கையைத் துடைப்பதை நிறுத்தினார்.

“இது பத்து வருஷமா எத்தனை பேரைக் கீழே கொண்டு போயிருக்குன்னு தெரியுமா? நானூறு பேருக்கு மேல, எல்லாம் நிறைமாசம். பதினாறு வளைவு, வேகத்தடை, குழி. ஒருத்திகூட வலியில கத்தினதில்லை. போன மாசம் பொதுக்கை போட்ட வண்டி ஒண்ணு அனுப்பிச்சாங்க. விபத்தே ஆகாது, நல்ல வண்டிதான். ஆனா அதுக்குக் குழின்னா குழி, அவ்வளவுதான். மூணாவது வளைவுலயே ஒரு பொண்ணுக்குப் பனிக்குடம் உடைஞ்சுருச்சு.”

“அது வேற பிரச்சனைம்மா. இது எங்கப்பாவோட கை.”

“உங்கப்பா கைதான் சார் இங்க எல்லாருக்கும் தாய்.”

கோகுலுக்கு உள்ளே சிலிர்த்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கோபிக்குப் போய் அம்மாவின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளலாம், கார் யாருக்கு என்பதை அங்கே பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மாலை ஐந்து மணிக்குள் படிவம் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சட்டப்படி மிழலை ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். கோகுல் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடினார். இருபத்திரண்டு வருஷம் கழித்து அப்பா கார் ஓட்டப் போகிறார்.

கார் கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை.

முதல் வளைவில் கோகுல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அப்பா வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பவர். சத்தம் வரவில்லை. வண்டி வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளங்கையில் குஞ்சை வைத்துத் திருப்புவது போலத் திரும்பியது. குழி வந்தபோது இறங்கவில்லை, குழியிடம் சொல்லிவிட்டுப் போனது. மூன்றாவது வளைவுக்குள் கோகுலின் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

“நிறுத்துங்க. இது எங்கப்பா இல்லை.”

“என்ன சார் சொல்றீங்க?”

“யாரோ இடையில கையை மாத்தியிருக்காங்க. எங்கப்பா பிரேக்கை உதைப்பாரு. இது குதிகாலை ஊனிக்கிட்டு விரல் நுனியால அமுக்கற கால். செருப்புக்கூட போடலை. இது ஒரு பொம்பளையோட கால்.”

மிழலை குனிந்து பெட்டியைக் காட்டினார். “சீல் நாற்பத்திரண்டாம் வருஷம் வச்சது. ஒரு தடவைகூட உடைக்கல. நீங்க வச்ச சீல் சார்.”

கோகுல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய சீல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, கையில் காபியோடு ஷெட்டில் நின்றபடியே வைத்த சீல். “ஓட்டிக் காட்டட்டுமா?” என்று அப்பா கேட்டார். “உங்களுக்கே டெஸ்ட்டுங்களா அப்பா?” என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் உட்கார்ந்து பார்க்காமல் அவர் சீல் வைத்தது அந்த ஒரே வண்டிக்குத்தான்.

அப்படியானால் அந்த ஒரு வருஷம் முழுக்க அப்பாவின் காரை ஒரு பெண் ஓட்டியிருக்கிறாள்.

மீதி வளைவுகளில் கோகுலின் மனசு போன வேகத்தைச் சொன்னால் எந்தப் பெட்டியும் சீல் உடைத்துக்கொள்ளும். மனசுக்குள்ளேயே அப்பாவுக்கு ஒரு வீடு கட்டினார், ஒரு பெண்ணைக் குடி வைத்தார், அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் கொடுத்து, பெரியவனை என்ஜினீயரிங்கும் படிக்க வைத்துவிட்டார். மலை இறங்கி சத்தியமங்கலம் கடைவீதியில் கார் தானாக ஓரம் கட்டி ஒரு ஐஸ்கிரீம் கடை முன்னால் நின்றபோது, அவருக்கு நெஞ்சே நின்றது.

“இங்க எதுக்கு நிக்குது?”

“எப்பவும் ரெண்டு நிமிஷம் நிக்கும் சார். பெட்டி சேர்த்துப் படிச்சிருக்கு. எங்களுக்குப் பழகிப்போச்சு, வாந்தி வர்றவங்களுக்கு வசதி.”

“இந்தக் கடைக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?”

“யாருக்குத் தெரியும்? வீடு ஏதாச்சும் இருந்திருக்கும்.”

வீடு. கோகுல் அந்த ஐஸ்கிரீம் கடையை, தம்பி முறையாகிவிட்ட ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அம்மாவிடம் என்ன சொல்வது? எண்பத்தாறு வயது. இன்றுவரை அப்பாவின் கேடயத்தை வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்க்கிறவர்.

கோபி வந்தது. வீட்டுத் தெரு தொடங்கும் முக்கில் பழைய அரிசி ஆலை இருக்கிறது. ஆலைச் சுவரின் மறைவில் கார் மறுபடி நின்றது.

“இது புதுசா இருக்குதே” என்றார் மிழலை. “இந்தப் பக்கம் நாங்க வந்ததே இல்லை.”

கோகுல் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து வினாடி. இருபது. யாரோ இறங்கிச் சுற்றி வருகிற அளவு நேரம். நாற்பதாவது வினாடியில் கியர் கடமுடவென்று விழுந்தது. கார் முட்டப்போகிற கிடா மாதிரித் துள்ளிக் கிளம்பியது. மிழலை கதவைப் பிடித்துக்கொண்டார். வேகத்தடையில் இரண்டு பேர் தலையும் கூரையில் இடித்தது. ஹாரன் மூன்று முறை அடித்தது. நடுத்தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, திறந்த கேட்டுக்குள் ஒரே வெட்டில் நுழைந்து, பிரேக்கை உதைத்து நின்றது.

“அப்பா” என்றார் கோகுல். வாய் மூடவில்லை.

ஹாரன் சத்தத்துக்குத் தனபாக்கியம் வெளியே வந்தார். நைட்டிமேல் துண்டு, கையில் பாதி உரித்த பூண்டு. காரைப் பார்த்தார். மகனைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்து நின்றார்.

“பிரேக் போட்டா எடது பக்கம் இழுக்குமே. சரி பண்ணிட்டீங்களா அம்மிணி?” என்று மிழலையைக் கேட்டார்.

 கோகுல் காரின் மூக்கில் கை ஊன்றிக்கொண்டார். இடது பக்கம் இழுப்பது ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

“அம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தனபாக்கியம் பூண்டுத் தோலை ஊதினார். “அதுதான் உக்காந்து வந்தியே. தெரியலியா? பெரிய ஆபீசராச்சே நீ.”

“நீங்களா ஓட்டினீங்க?”

“நாப்பத்தொண்ணுல உங்கப்பாவுக்குக் கண்ணு நடுவுல கருத்துப்போச்சு. ஓரம்தான் தெரியும், நேரே தெரியாது. சத்தியமங்கலம் கடைவீதியில ஒரு கண் டாக்டரு. ஊசி போட வாரா வாரம் போகணும். வெளியே தெரிஞ்சா அந்தக் கேடயத்தைத் திருப்பிக் கேட்டுருவாங்கன்னு அவருக்கு ஒரே பயம். வாய்க்கா மேட்டுல வச்சு எனக்குக் கத்துக் கொடுத்தாரு. நாலே நாளு. எட்டு வருசம் ஓட்டினேன்.”

“ஊர்ல ஒருத்தர்கூடவா பாக்கல?”

“அவரு தலைப்பாவ நான் கட்டிக்குவேன். அவரு சீட்டுல நழுவிப் படுத்துக்குவாரு. எதிர்ல வர்றவங்க தலைப்பாவுக்குக் கும்பிடு போட்டாங்க. நானும் தலையாட்டினேன்.”

மிழலைக்குச் சிரிப்பு வந்தது. கோகுலுக்கு வரவில்லை.

“லைசென்ஸ் இல்லாம எட்டு வருஷமா?”

“லைசென்சுக்கு யாருகிட்ட வரணும்? அங்க நீதானே உக்காந்திருந்தே. கியரைக் கரண்டின்னு கலக்கறவளுக்குக் கொடுத்திருப்பியா?”

கோகுல் ஆயிரம் தடவை சொன்ன ஜோக், முதல் தடவையாக யாரும் சிரிக்காமல் முடிந்தது. 

மிழலைதான் கேட்டார். “அது சரிங்க. இவ்வளவு பூவாட்டம் ஓட்ட எங்க கத்துக்கிட்டீங்க? அவரு ஓட்டறது அப்படி இல்லையே.”

“அவருக்குத்தான் முன்னால வர்றது தெரியாதே அம்மிணி. குழின்னா திடீர்னு குழி. வளைவுன்னா திடீர்னு வளைவு. ஒவ்வொண்ணுக்கும் பயந்து என்ற முந்தானையப் புடிச்சுக்குவாரு. அவரு பயந்துக்காத மாதிரி ஓட்டணும்னு ஓட்டினேன். தெரு முக்குல மட்டும் மாறிக்குவோம். இந்தத் தெரு அவருக்குக் கண்ணு வேண்டாம், மனப்பாடம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஜனம் பாக்கற எடம் இல்லையா.”

பெட்டிக்கு இரண்டு பேர் என்று தெரியவில்லை என்பது கோகுலுக்கு இப்போது விளங்கியது. கடைசித் தெருவில் மட்டும் குணம் மாறுகிற ஒரே ஆள் என்று நினைத்திருக்கிறது. மலைமேல் நானூறு பெண்களைச் சுமந்தது அம்மா. அப்பாவின் கை என்று உலகத்தில் மிச்சமிருப்பது இந்த இருநூறு மீட்டர்தான்.

படிவத்தை வெளியே எடுத்தார். கையின் சொந்தக்காரர் என்ற இடத்தில் அப்பா பெயரைக் காலையிலேயே எழுதியிருந்தார். அதை அடித்தால் கேடயம் பொய். முதல் வருஷத்துச் சீல் பொய். கண்ணை மூடினால் எல்லாம் சொல்லிவிடுகிற கோகுலே பொய்.

“அவரு பேரே இருக்கட்டும் கண்ணு” என்றார் தனபாக்கியம். “நான் கையெழுத்துப் போடறேன்.”

“அம்மா அப்படிச் சொன்னா விட்டுருங்க சார். எங்களுக்கு வண்டி கிடைச்சாப் போதும்” என்றார் மிழலை.

 கோகுல் அப்பா பெயரின்மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்தார்.

“வண்டி மலைக்கே போகட்டும். ஆனா உயிரோட இருக்கறவங்க கைன்னா ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டணும். அதுதான் சட்டம். ஓய்வு பெற்று மூணு வருஷம் வரைக்கும் நான் கையெழுத்துப் போடலாம். இந்தத் தடவை உக்காந்து பாத்துட்டுத்தான் போடுவேன். ஏறுங்கம்மா.”

தனபாக்கியம் பூண்டை மகன் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். பின் இருக்கையில் சாட்சிக்கு மிழலை. தெரு முக்குவரை கார் தானாகவே, அப்பாவாகவே, குதித்துக்கொண்டு போனது. ஆலைச் சுவரருகே கோகுல் பொத்தானை விடுவித்தார். தனபாக்கியம் செருப்பைக் கழற்றிப் போட்டார். குதிகாலை ஊன்றினார். எண்பத்தாறு வயது விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தன. வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பாரியூர் சாலையில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வரும்வரை அணையவே இல்லை. கோகுல் கண்ணை மூடவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு இவ்வளவு அகலமான தோள் இருந்ததை இதுவரை கவனித்ததில்லை.

தெரு முக்கு வந்தது. தனபாக்கியம் ஆலைச் சுவரின் மறைவில் நிறுத்தினார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

“வா, மாறிக்கலாம்.”

கோகுல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கையில் சாய்ந்தார். இறங்கவில்லை.

“ஏன்டா? தெருவுல ஆளுங்க நிக்கறாங்க.”

“நிக்கட்டும்.”

பத்து வினாடி. இருபது. ஹாரன் கேட்டு வெளியே வந்த ஜனம் தெருவின் இருபக்கமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. நாற்பது வினாடி ஆயிற்று. தனபாக்கியம் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

தெருவுக்குள் திரும்பியதும் பெட்டி அலறியது. இந்த இருநூறு மீட்டருக்கு அது வேறு கையைத்தான் படித்திருந்தது. கோகுல் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார். தனபாக்கியம் முன்னால் குனிந்து, மூன்று முறை ஹாரன் அடித்தார். எதிர்வீட்டுக்காரர் பழைய வழக்கத்தில் கும்பிடு போட்டுவிட்டு, கும்பிட்ட கை அப்படியே நிற்க வாயைப் பிளந்தார்.

வீட்டுக் கேட்டுக்குள் வண்டியைத் திருப்பினார். எட்டு வருஷம் ஓட்டியும் அந்த ஒரு திருப்பம் மட்டும் அவருக்குப் பழக்கமில்லை. இடது பக்கம் தூணில் உராய்ந்து, கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கார் நின்றது. தெருவே மூச்சை நிறுத்தியது.

எல்லோரும் இறங்கிப் பார்த்தார்கள். மோர் நிறத்தின்மேல் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். தனபாக்கியம் குனிந்து, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவினார். பிறகு மகன் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தார்.

“அங்க ‘இல்லை’ன்னு எழுதியிருக்கியே, அதை அடி” என்றார். “ஒண்ணுன்னு போட்டு, என்ற பேரை எழுது.”